பையை எங்கே வைப்பது: வேக்சர்ஃபிங் அலைக்காகப் படகில் எடை அடுக்கிய அனுபவம்

வேக்சர்ஃபிங் என்பது கயிற்றைப் பிடித்து எழுந்து, பிறகு அதை விட்டுவிட்டு, படகு கிளப்பும் அலையிலேயே போர்டில் சறுக்கும் விளையாட்டு. அதைப் பழகும் கூட்டத்தில் அலை சரியில்லை என்று யாரிடம் சொன்னாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "இன்னும் எடை போடு." எங்கள் படகில் ஏறியவர்களும் அதையேதான் சொன்னார்கள். படகு 22 அடி நீளம், வி-டிரைவ் எஞ்சின், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பட்டனைத் தட்டினால் அலையைத் திருத்தித் தரும் பின்தகடுகள் வருவதற்கு முந்தைய காலத்துத் தயாரிப்பு. தளத்துக்கு அடியில் சின்னச் சின்ன டேங்குகள் உண்டு. மற்ற பேலஸ்ட், அதாவது படகை அமுக்கும் கூடுதல் எடை, எல்லாம் நாங்கள் தண்ணீர்ப் பைகளாக ஏற்றியதுதான். அந்தப் பைகளை ஒரு சீசன் முழுக்க இங்கும் அங்கும் இழுத்து வைத்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயம் இது: மொத்த எடை அலைக்கு உயரம் தரும். ஆனால் கயிற்றை விட்டுவிட்டு நிற்க முடிகிற அலையா, காலடியில் கலைந்து போகும் வெறும் நுரையா என்பது எடை உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது.

மேலே போவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் அவுட்போர்டு எஞ்சின் படகின் பின்னால் போர்டைப் போட்டுவிட வேண்டாம். வேக்சர்ஃபிங்கில் ஆள் படகுக்குப் பின்னால் சில மீட்டர் தூரத்திலேயே நிற்கிறார். விழுந்தால் சில சமயம் படகை நோக்கியே வழுக்கி வருவார். ப்ரொப்பெல்லர் படகின் அடியில், பின்சுவருக்கு முன்பாக இருக்கும் வி-டிரைவ், டைரக்ட் டிரைவ் வகைகள்தான் இதற்கு ஏற்றவை. சமீப வருடங்களில் ப்ரொப்பெல்லர் முன்னோக்கி இருக்கும் டிரைவ்களும் வந்திருக்கின்றன. அவுட்போர்டிலும் வழக்கமான ஸ்டெர்ன்டிரைவிலும் ப்ரொப்பெல்லர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு அருமையாக எடை அடுக்கினாலும் அங்கே இந்த விளையாட்டு கிடையாது.

படகு தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை ஒதுக்கித்தான் மிதக்கிறது. 340 லிட்டர் பையை நிரப்பினால் 340 கிலோ கூடுகிறது. அவ்வளவு நீர் கூடுதலாக ஒதுங்க வேண்டும். படகு ஓடும்போது அது ஒதுக்கிய இடம் பின்சுவருக்குப் பின்னால் ஒரு பள்ளமாகத் திறக்கிறது. இரண்டு பக்கத்து நீரும் அந்தப் பள்ளத்தை நிரப்பப் பாய்கிறது. அவை மோதிக்கொள்ளும் இடத்தில்தான் நுரையும் கொந்தளிப்பும். படகு மட்டமாக ஓடினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், பின்சுவரை ஒட்டியே மோதும். நுரை இரண்டு பக்கத்து அலைகளின் மேலும் சம பங்காகச் சிதறும். இரண்டுமே உயரமாக இருக்கும், இரண்டிலும் நிற்க முடியாது. எடை ஏற்ற ஏற்ற எங்களுக்குக் கிடைத்தது இதுதான்: பெரிய நுரை.

அதற்குப் பழைய வைத்தியம் படகைச் சாய்ப்பது. எந்தப் பக்க அலையில் ஆள் ஓடப் போகிறாரோ அந்தப் பக்கம் படகு அமுங்க வேண்டும். இடது காலை முன்னால் வைத்து நிற்பவருக்குப் படகின் இடது பக்க அலை. அப்போதுதான் அவர் முகம் அலையைப் பார்த்திருக்கும். வலது காலை முன்வைப்பவருக்கு, கூஃபி என்பார்களே, வலது பக்கம். எங்களில் பெரும்பாலானோர் இடது கால் ஆட்கள் என்பதால் இடது பக்கத்தை வைத்தே எல்லா வேலையும் நடந்தது. படகு ஒவ்வொன்றுக்கும் இயல்பாகவே ஒரு பக்கம் கொஞ்சம் சொன்னபடி கேட்கும். ஓட்டுநர் உட்காரும் பக்கம், பேட்டரி இருக்கும் இடம், ப்ரொப்பெல்லர் சுற்றும் திசை எல்லாம் அதில் சேரும்.

நாங்கள் கடைசியில் வந்து நின்ற அடுக்கு இப்படி: இடது பின் லாக்கரில் 340 கிலோ பை, இடது பக்க நீள இருக்கையின் மேல் 180 கிலோ பை, முன்பக்க இருக்கைகளுக்கு நடுவில் 150 கிலோ அளவுக்கு ஒரு பை. வலது பின் டேங்க் காலி. படகு நின்றிருக்கும்போதே இடது விளிம்பு நீருக்கு நெருக்கமாகத் தாழ்ந்திருக்கும். புதிதாக ஏறுபவர் ஒரு கணம் கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

இதில் முன்பக்கப் பைதான் கடைசியாக வந்தது, அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. அதற்கு முன்னால் எல்லா எடையும் பின் மூலையில். நான் பின் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து அலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பு உயரம் இருந்தது. ஆனால் செங்குத்தாக எழுந்து, போர்டின் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்திலேயே உச்சி உடைந்து விழுந்தது. போர்டில் இருந்தவர் கயிற்றை விட்டதும் முன்னங்காலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அலை தள்ளும் இடம் அவ்வளவு குட்டை என்பதால் ஒரு நொடி அசந்தாலும் பின்னால் நழுவிவிட்டார். படகின் மூக்கோ வானத்தைப் பார்த்தது, ஓட்டுபவர் எழுந்து நின்றுதான் முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தார். முன்பக்கப் பையை நிரப்பியதும் அலை ஒரு விரற்கடை தணிந்தது. அதற்குப் பதிலாக முகப்பு நீண்டு, வழவழவென்று கண்ணாடி போலப் பின்னுக்கு ஓடியது. அதே ஆள், அதே போர்டு. கயிற்றைப் படகுக்குள் வீசிவிட்டுக் கையைத் தொங்கப்போட்டு நின்றார்.

பின்னால் எடை உயரத்தையும் செங்குத்தையும் தருகிறது, முன்னால் எடை நீளத்தையும் வழவழப்பையும் தருகிறது. இந்த ஒரு வரி கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். அலை குட்டை, உச்சி நொறுங்குகிறது, மூக்கு தூக்கியிருக்கிறது என்றால் முன்னால் ஏற்று. அலை நீளமாக இருக்கிறது ஆனால் தள்ளவில்லை என்றால் பின்னால் கூட்டு, அல்லது முன்னால் குறை. முகப்பின் மேலேயே நுரை படர்கிறது என்றால் அது முன்பின் பிரச்சினை இல்லை, சாய்வு போதவில்லை. அளவுக்கு மீறிச் சாய்த்தாலோ அலை மெலிந்துவிடும், ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும், ஓட்டுபவரின் தோள் வலிக்கும். அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், ஆனால் நேர்க்கோட்டில் ஓட்டுவதை விட்டுவிடுவார். அலை அத்தோடு போச்சு.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், படகில் யாரும் கேட்க மாட்டார்கள். ஒருவர் பையை நகர்த்தும்போதே இன்னொருவர் வேகத்தைக் கூட்டுவார், மூன்றாமவர் இருக்கை மாறி உட்காருவார். அலை நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. சோதிக்கும்போது போர்டில் ஒரே ஆளை, ஒரே போர்டோடு வைத்துக்கொள்வது நல்லது. ஐம்பது கிலோ ஆளுக்குப் பிரமாதமான அலை தொண்ணூறு கிலோ ஆளைத் தள்ளாது; ஆளை மாற்றினால் அளவுகோலே மாறிவிடுகிறது. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி "நல்லா இருக்கா?" என்பதல்ல. "எதுவும் செய்யாமல் நின்றால் எவ்வளவு பின்னால் போய் நழுவுகிறாய்?" என்பதுதான். அந்தத் தூரம்தான் அலையின் உண்மையான அளவு.

ஆட்களும் பேலஸ்ட்தான். 75 கிலோ ஆள் வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் வந்து உட்கார்ந்தால், சாய்வைப் பொறுத்தவரை இடது பக்கம் 150 கிலோ பையைப் போட்டதற்குச் சமம். வலதில் குறைந்த 75 பாதி, இடதில் கூடிய 75 மீதி. குளிர்பெட்டியிலிருந்து தண்ணீர் எடுக்க ஒருவர் எழுந்ததற்கே பின்னால் நின்றவர் அலையிலிருந்து விழுந்திருக்கிறார். "மச்சான், அசையாதே!" என்ற கூச்சல் எங்கள் படகில் நிரந்தரம். சின்னத் திருத்தங்களுக்கு ஆட்களை நகர்த்துவதே போதும் என்பதையும் அதிலிருந்துதான் தெரிந்துகொண்டோம். பையைத் தொடுவதற்கு முன் ஓர் ஆளை முன்னால் அனுப்பிப் பார்ப்போம். அலை திருந்தினால் பை எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இனி வேகம். இந்த அளவு படகுகளில் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டருக்குள்தான் எல்லாமே நடக்கிறது. ஆழமான நீரில் ஓர் அலையின் நீளம் அது ஓடும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 16 கி.மீ. வேகத்தில் ஓடும் அலைக்குச் சுமார் 12.6 மீட்டர் நீளம், 18 கி.மீ. ஆனால் 16 மீட்டர். வேகத்தில் எட்டில் ஒரு பங்கு கூடினாலே நீளம் கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. படகின் பின்னால் எழும் அலை இந்தச் சூத்திரத்துக்கு அப்படியே கட்டுப்படாது என்றாலும் போக்கு இதுதான்: மெதுவாகப் போனால் குட்டை, செங்குத்து, நுரை, கொஞ்சம் விரட்டினால் நீளம், சுத்தம், தணிவு. அரை கிலோமீட்டர் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எடை அடுக்கு மாறினால் அதற்கான வேகமும் மாறும், ஆகவே ஒவ்வொரு அடுக்கையும் 16-இல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்போம்.

ஆற்றில் ஓட்டுபவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஜிபிஎஸ் காட்டுவது தரையோடு ஒப்பிட்ட வேகம். அலைக்கு வேண்டியது நீரோடு ஒப்பிட்ட வேகம். நீரோட்டம் மணிக்கு 1 கிலோமீட்டர் என்றால், 18-இல் பூட்டி வைத்த படகு எதிரோட்டத்தில் நீருக்குள் 19-இல் போகிறது, ஓட்டத்தோடு திரும்பி வரும்போது 17-இல். போகும்போது நல்ல அலை, வரும்போது நுரை என்று பையைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவோம். பையைத் தொட வேண்டாம். எதிரோட்டத்தில் கொஞ்சம் குறைத்தும் திரும்பும்போது கொஞ்சம் கூட்டியும் வைத்தால் போதும்.

பிறகு சக் கேட் வாங்கினோம். பெரிய உறிஞ்சு கிண்ணங்களோடு வரும் ஓர் ஆப்பு. படகின் பக்கச்சுவரில், பின்மூலையை ஒட்டி, நீர்மட்டத்தில் அழுத்தி ஒட்ட வேண்டும். ஆள் ஓடும் பக்கத்தில் அல்ல, எதிர்ப்பக்கத்தில். இதைக் கேட்டவுடன் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். எதிர்ப்பக்கத்து நீரை அது வெளியே தள்ளி, பள்ளத்துக்குள் வந்து சேர்வதைத் தாமதிக்கிறது. மோதல் பின்னுக்குத் தள்ளிப் போகிறது. ஆள் நிற்கும் பக்கத்து அலை கலையாமல் நீள்கிறது. மலிபு நிறுவனத்தின் சர்ஃப் கேட் முதலாகப் புதுப் படகுகளில் வந்திருக்கும் பின்தகடுகள் செய்வதும் இதே வேலைதான், பட்டனில். ஒட்டும் இடத்தில் பாசியோ மெழுகோ இருந்தால் பாதி ஓட்டத்தில் கழன்றுவிடும், அதனால் துடைத்து, நனைத்து, அழுத்தி, கூடவே ஒரு கயிற்றால் படகில் கட்டியும் வைப்போம்.

கேட் வந்ததும் பழைய அடுக்கு செல்லாது. சாய்க்க வேண்டிய வேலையைக் கேட் எடுத்துக்கொண்டது, எடையை இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரப்பலாம். ஆள் ஓடும் பக்கம் ஐம்பதோ நூறோ கிலோ கூடுதலாக இருந்தால் எங்கள் படகில் அலை இன்னும் கூர்மையாகிறது, அவ்வளவுதான். படகு மட்டமாக ஓடுவதால் அதன் முழு அகலமும் நீரை ஒதுக்குகிறது. அதே எடைக்குப் பெரிய அலை. கால் மாறுபவர் வந்தால் பைகளை இடம் மாற்றுவதில்லை, கேட்டை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றி ஒட்டுகிறோம். பழைய படகு வைத்திருப்பவர் கூடுதல் பை வாங்கும் காசை முதலில் இதில் போடலாம் என்பதே என் கட்சி.

பை விஷயத்தில் சிலவற்றை அனுபவிக்காமல் தெரியாது. அரைகுறையாக நிரப்பிய பை, எடை குறைந்த பை அல்ல, அது தொல்லை. நிறைகுடம் தளும்பாது என்பது இங்கே அட்சரம் பிசகாமல் உண்மை. படகு சாயும்போது பாதிப் பையிலுள்ள நீர் சாயும் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். திருப்பத்தில் இது பயமுறுத்தும். எடை குறைவாக வேண்டுமானால் சின்னப் பையை முழுதாக நிரப்ப வேண்டும். நிரப்பும்போது உள்ளே காற்று தங்கினாலும் அதே கதை. பையின் மேல் வால்வைத் திறந்து, கையால் தட்டி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு மூட வேண்டும்.

பம்ப் மணிக்கு 3,000 லிட்டர் தள்ளும் என்று பெட்டியில் போட்டிருந்தால் 340 லிட்டர் பை ஏழு நிமிடத்தில் நிரம்ப வேண்டும். குழாயின் நீளம், மேடு, வளைவு எல்லாம் சேர்ந்து அதற்கு மேல் ஆகும். ஏரேட்டர் வகைப் பம்ப் சில சமயம் உறுமும், நீர் வராது. உள்ளே காற்று அடைத்திருக்கும். படகை மெல்ல ரிவர்ஸில் எடுத்தால் நீர் அழுத்தி, காற்று வெளியேறிவிடும். இம்பெல்லர் வகைப் பம்பை நீர் இல்லாமல் ஓட விடக் கூடாது, ரப்பர் இதழ்கள் கொஞ்ச நேரத்திலேயே தீய்ந்துவிடும். பை காலியானதும் சத்தம் மாறும். காதைத் தீட்டி வைத்திருந்து உடனே நிறுத்த வேண்டும். எஞ்சின் பக்கத்து லாக்கரில் நிரம்பும் பை பக்கத்தில் இருப்பதையெல்லாம் நெருக்கும். ஸ்டியரிங் கேபிள், எக்ஸாஸ்ட் குழாய், பேட்டரி வயர் எதையும் அது அழுத்தவில்லையா என்று முதல் முறை முழுதாக நிரம்பிய நிலையில் லாக்கரைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

ஈயப் பைகளும் கிடைக்கின்றன. ஈயம் நீரைப்போல் 11 மடங்குக்கு மேல் அடர்த்தி என்பதால் இடம் பிடிக்காது. தண்ணீர்ப் பை நுழையாத முன்மூலைக்கு வசதி. நான் அதில் கஞ்சன். படகுக்குள் நீர் புகுந்துவிட்டால் தண்ணீர்ப் பை கிட்டத்தட்ட எடையற்றது, சுற்றியுள்ள நீரோடு நீராக மிதக்கும். ஈயம் அப்படியே கீழே இழுக்கும். பம்பைத் தட்டி அதைக் காலி செய்யவும் முடியாது.

நீர் புகுவது கற்பனை இல்லை. முன்பக்கம் கனமான படகு, ஆள் விழுந்ததும் அவரை எடுக்க வேகமாகத் திரும்பித் தன் அலையையே எதிர்கொண்டால், மூக்கு அதற்குள் செருகி வாரி எடுத்துக்கொள்ளும். ஆள் விழுந்தால் முதலில் த்ரோட்டிலைக் குறைத்து, அலை கடந்து போகும்வரை நேராக நின்று, பிறகு மெல்லத் திரும்ப வேண்டும். படகின் கொள்ளளவுத் தகட்டில் போட்டிருக்கும் எடையில் பைகள் எப்படிச் சேரும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். பை கூடினால் ஆள் குறைய வேண்டும். எங்களுக்கு இதில்தான் அதிகம் சண்டை. யாரும் கரையில் நிற்க விரும்புவதில்லை. அளவுக்கு மீறிய எடையில் எஞ்சினும் திணறும், பெட்ரோல் கரையும். குறைந்த பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள ப்ரொப்பெல்லர் மாற்றினால் இழுவை சுலபமாகும்.

மூக்கு தூக்கி மெதுவாக ஓடும் படகில் புகை பின்பக்கத்தில் தேங்கி, படகுக்குள்ளேயே திரும்ப வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று யாராவது சொன்னால் வெயில் என்று தள்ளிவிடாமல் எஞ்சினை நிறுத்தி அவரைக் காற்றோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எஞ்சின் ஓடும்போது பின்மேடையில் யாரும் உட்காரவே கூடாது.

ஆழம் குறைந்த நீரில் எவ்வளவு நகர்த்தினாலும் அலை பிடிபடாது. தரை அதைக் கலைத்துவிடும், அடியிலுள்ள சேறும் கிளம்பும். கரைக்காரர்களின் கோபமும் நியாயமானது. நாம் ஆசைப்பட்டு உண்டாக்கும் அதே அலைதான் அவர்கள் படித்துறையில் போய் மோதுகிறது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வகம் 2022-இல் அளந்து பார்த்து, கரையிலிருந்து 500 அடிக்கு மேல் விலகி ஓட்டச் சொன்னது. வெர்மான்ட் மாநிலம் 2024-இல் 500 அடித் தூரம், 20 அடி ஆழம் என்று விதியே போட்டது. விதி இல்லாத இடத்திலும் நாங்கள் இந்த அளவைத்தான் வைத்துக்கொள்கிறோம். பையின் அடியில் தேங்கும் கொஞ்சம் நீரிலேயே ஜீப்ரா மசல் போன்ற ஆக்கிரமிப்பு மட்டிகளின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் அடுத்த ஏரிக்குப் பயணம் செய்துவிடும். ஏரி மாறுவதானால் பைகளை வெளியே எடுத்து, வடித்து, உலர்த்திய பிறகே மாற வேண்டும்.

காலி செய்வதிலும் வரிசை உண்டு. முதலில் முன்பக்கம். பின்பக்கத்தை முதலில் காலி செய்தால் மூக்கு தாழ்ந்துவிடும், திரும்பும் வழியில் காற்று கிளம்பியிருந்தால் அதுவே வினையாகும். அடுத்து, சாய்த்து அடுக்கியிருந்தால் அமுங்கியிருக்கும் பக்கம், படகு மட்டமாகும்வரை. கடைசியாக மீதி இரண்டு பின்மூலைகளையும் சேர்த்தே திறந்துவிடுவோம். டிரெய்லரில் ஏற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு பையையும் ஒருவர் கையால் அழுத்திப் பார்ப்பார். டிரெய்லரின் எடை வரம்பில் மிச்சத் தண்ணீருக்கு இடமில்லை.